கையெழுத்துக்கு மேலே ஒரு சொல்

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறோம். ஒரு படிவம் தருகிறார்கள். வங்கியில் கணக்குத் தொடங்கப் போகிறோம். அங்கேயும் ஒரு படிவம். குழுவில் கடன் வாங்கினால் ஒரு படிவம். வேலைக்குச் சேர்ந்தால் ஒரு படிவம்.

எல்லாப் படிவத்திலும் கடைசியில் ஒரு கோடு இருக்கும். அங்கேதான் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துத் தெரியாத காலத்தில் அந்த இடத்தில் பெருவிரலை வைத்தோம். இப்போது பேனா பிடித்துப் பெயர் எழுதுகிறோம். இது நாம் உழைத்துப் பெற்ற பெருமை.

அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு வரி இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கும். பல படிவங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கும். அதை யாரும் நமக்குப் படித்துக் காட்டுவதில்லை.

ஒரு தாய் பள்ளி அலுவலகத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“சார், இந்த வரியில என்ன எழுதியிருக்கு?”

“அது எல்லாப் படிவத்திலயும் இருக்கிற வரிதாம்மா. நீங்க கீழே கையெழுத்து மட்டும் போடுங்க.”

எல்லாப் படிவத்திலும் இருக்கிற வரி என்பது உண்மைதான். அப்படியானால் அதை ஒரு தடவை நன்றாகத் தெரிந்துகொண்டால் எல்லா இடத்திலும் உதவும் அல்லவா? வாருங்கள், பார்ப்போம்.

வரியைப் பிரித்துப் படிப்போம்

அந்த வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“ஐ அக்ரீ டு அபைட் பை த ரூல்ஸ்.”

‘ஐ’ என்றால் நான். ‘அக்ரீ’ என்றால் சம்மதிக்கிறேன். ‘ரூல்ஸ்’ என்றால் விதிகள். நடுவில் இருப்பது ‘அபைட் பை’. இதுதான் வரியின் உயிர். நாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை இந்தச் சொல்தான் சொல்கிறது.

‘அபைட்’ என்பதில் ஐந்து எழுத்துகள். ஏ, பி, ஐ, டி, ஈ. இங்கே வரும் பி, ‘பஸ்’ என்ற சொல்லின் முதலில் வரும் பி. இங்கே வரும் டி, ‘டாக்டர்’ என்ற சொல்லின் முதலில் வரும் டி. கடைசி ஈ-க்குத் தனி ஓசை இல்லை.

‘பை’ என்பதில் இரண்டே எழுத்துகள். பி, ஒய். இதிலும் பஸ்ஸில் வரும் அதே பி-தான்.

இரண்டையும் சேர்த்தால் என்ன பொருள்? “விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன்” என்று பொருள். முழு வரியையும் தமிழில் சொன்னால், “விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கச் சம்மதிக்கிறேன்” என்று வரும்.

இது ஒரு வாக்குறுதி. கீழே கையெழுத்துப் போட்டால் அந்த வாக்கு நம்முடையது ஆகிவிடுகிறது.

நில் என்பதே இதன் வேர்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேர் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘அபைட்’ என்றால் காத்திரு, தங்கியிரு என்று பொருள். வீட்டுக்கு, இருப்பிடத்துக்கு, ‘அபோட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. அதுவும் இதே வேரில் முளைத்ததுதான்.

தங்கியிருப்பதற்கும் விதிக்கும் என்ன தொடர்பு?

நம் பேச்சையே எண்ணிப் பாருங்கள். “அவர் சொன்ன சொல்லில் நிற்பார்” என்கிறோம். “பேச்சில் நிலைத்து நிற்காதவன்” என்றும் சொல்கிறோம். சொல்லில் எப்படி நிற்க முடியும்? காலால் நிற்பது இல்லை. நேற்றுச் சொன்னதை இன்றும் மாற்றாமல் இருப்பதைத்தான் நிற்பது என்கிறோம்.

‘அபைட் பை’ என்பதும் அதுதான். ஒரு விதியை ஏற்றுக்கொண்டு, அதை விட்டு நகராமல், அதன் பக்கத்திலேயே நிற்பது.

மூன்று சொற்கள், மூன்று குணங்கள்

விதியைப் பின்பற்றுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உண்டு. அவற்றில் இரண்டை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

முதல் சொல் ‘ஒபே’. சாலை ஓரப் பலகையில் “ஒபே டிராஃபிக் ரூல்ஸ்” என்று எழுதியிருப்பார்கள். சாலை விதிகளுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பொருள். இந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அது ‘காதால் கேள்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நாமும் பிள்ளையிடம் “அம்மா பேச்சைக் கேள்” என்றுதானே சொல்கிறோம்? கேட்பது என்றால் கீழ்ப்படிவது. இரண்டு மொழியும் இங்கே ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன.

இரண்டாவது சொல் ‘கம்ப்ளை’. இது நோட்டீசுகளில் வரும். ஓர் அலுவலகம் நமக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. “15 நாட்களுக்குள் இந்தத் தாள்களைக் கொண்டு வந்து கொடுக்கவும்” என்கிறது. நாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் ‘கம்ப்ளை’ செய்துவிட்டோம். கேட்டதை நிறைவேற்றிவிட்டோம். இந்தச் சொல்லின் வேருக்கு ‘நிரப்பு’ என்று பொருள். தமிழில் ‘நிறைவேற்று’ என்கிறோம். அதற்குள்ளும் ‘நிறைவு’ இருக்கிறது.

மூன்றாவது நம்முடைய ‘அபைட் பை’.

கேள், நிறைவேற்று, நில். இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் மூன்று ஆங்கிலச் சொற்களும் மறக்காது.

ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். ஹெல்மெட் முன்னால் தொங்குகிறது. தூரத்தில் போலீஸ்காரர் தெரிகிறார். உடனே ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. போலீஸ்காரரைத் தாண்டியதும் மறுபடி இறங்குகிறது. அந்த நூறு அடி தூரத்துக்கு அவர் கீழ்ப்படிந்தார். அந்த விதியில் அவர் நிற்கவில்லை.

இன்னொருவர் ஆள் இல்லாத சாலையிலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறார். விபத்தில் எது முதலில் அடிபடும் என்று அவருக்குத் தெரியும். அவர் அந்த விதியில் நிற்கிறார்.

காரணம் புரிந்தவரால்தான் நிற்க முடியும். பயத்தால் மட்டும் நடப்பவருக்குப் பயம் போனதும் விதியும் போய்விடும்.

எப்படிப் பயன்படுத்துவது?

தமிழில் ஒரு பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும். சட்டம் என்ற சொல் ‘சட்டத்துக்கு’ என்று மாறும். அதன் பிறகு ‘கட்டுப்படு’ என்போம்.

ஆங்கிலத்தில் வரிசை வேறு. சின்னச் சொல் பெயருக்கு முன்னால் தனியாக வரும். அந்தச் சின்னச் சொல்தான் ‘பை’. ‘அபைட் பை த லா’ என்றால் சட்டத்துக்குக் கட்டுப்படு. ‘லா’ என்றால் சட்டம்.

விதியைப் பற்றிப் பேசும்போது ‘பை’யை விட்டுவிடக் கூடாது. ‘அபைட் டு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ‘அபைட் பை’ என்பதே சரி.

‘பை’ இல்லாமல் வந்தால் பொருளும் மாறிவிடும். “ஐ காண்ட் அபைட் ஹிம்” என்று ஒருவர் சொன்னால், “அவரை என்னால் சகிக்க முடியாது” என்று பொருள்.

‘லா அபைடிங்’ என்று இன்னொரு சொல் உண்டு. சட்டத்தை மதித்து நடக்கிற என்று பொருள். செய்தித்தாளில் ‘லா அபைடிங் சிட்டிசன்’ என்று எழுதுவார்கள். சிட்டிசன் என்றால் குடிமகன் அல்லது குடிமகள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் வரும் ஒரு வழக்கில் இது முக்கியமான இடத்தில் வருகிறது.

நாட்டின் பெரிய விதிப் புத்தகத்தில்

பள்ளிக்கு விதிகள் உண்டு. வங்கிக்கு விதிகள் உண்டு. இந்த நாட்டுக்கே ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதுதான் இந்திய அரசியலமைப்புச் சட்டம்.

அது 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளைத்தான் குடியரசு நாளாகக் கொண்டாடுகிறோம். அதை எழுதிய வரைவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர்.

இந்தச் சட்டத்தில் குடிமக்களின் கடமைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு 51ஏ என்று எண். 1976இல் கொண்டுவந்த 42ஆம் திருத்தம் இதைச் சேர்த்தது. அப்போது பத்துக் கடமைகள் இருந்தன. 2002இல் 86ஆம் திருத்தம் பதினோராவது கடமையைச் சேர்த்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குக் கல்வி கிடைக்கப் பெற்றோர் வழி செய்ய வேண்டும் என்பது அந்தப் பதினோராவது கடமை.

முதல் கடமை எது தெரியுமா? அரசியலமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பது. அதன் இலட்சியங்களையும் அமைப்புகளையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது. ஆங்கிலத்தில் அந்த வரி ‘அபைட் பை’ என்றுதான் தொடங்குகிறது.

பள்ளிப் படிவத்தில் பொடி எழுத்தில் இருந்த அதே சொல், நாட்டின் மிகப் பெரிய சட்டத்திலும் இருக்கிறது.

இந்தச் சட்டம் குடிமக்களை மட்டும் கட்டுப்படுத்துகிறதா? இல்லை. குடியரசுத் தலைவர் பதவி ஏற்கும்போது இதைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கிறார். அமைச்சர்களும் நீதிபதிகளும் இதற்கு உண்மையாக இருப்பதாக உறுதி எடுக்கிறார்கள். அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை அரசு போட்டால் அது செல்லாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. எல்லோரும் ஒரே சட்டத்தின்மேல் நிற்கிறார்கள்.

மூன்று பிள்ளைகளின் வழக்கு

இப்போது ஓர் உண்மை நிகழ்ச்சி.

கேரள மாநிலம். கோட்டயம் மாவட்டம். ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் ஒரு பள்ளியில் படித்தார்கள். காலையில் பள்ளியில் தேசிய கீதம் பாடுவார்கள். எல்லோரும் பாடுவார்கள். இந்த மூவர் பாட மாட்டார்கள். ஆனால் எழுந்து நிற்பார்கள். கீதம் முடியும் வரை மரியாதையாக அசையாமல் நிற்பார்கள்.

ஏன் பாடவில்லை? அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தங்கள் கடவுளை வணங்கும் பாட்டைத் தவிர வேறு பாட்டில் இப்படிச் சேர்வது தங்கள் நம்பிக்கைக்குப் பொருந்தாது என்று நினைத்தார்கள். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

1985இல் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்தார். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு என்ன சொன்னது? இந்தப் பிள்ளைகள் ‘லா அபைடிங்’, சட்டத்தை மதித்து நடப்பவர்கள் என்று சொன்னது. தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றும் சொன்னது.

அதற்குப் பிறகும், 1985 ஜூலை மாதம் மூன்று பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டும் என்று கல்வித் துறையின் சுற்றறிக்கை இருக்கிறது என்றார்கள்.

பிள்ளைகளின் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தோற்றது. பிறகு தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் ஆகியோர் தீர்ப்புச் சொன்னார்கள்.

நீதிபதிகள் என்ன பார்த்தார்கள்? முதலில் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். எல்லோரும் தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? அப்படி ஒரு சட்டம் இல்லை. 51ஏ பிரிவு கீதத்தை மதிக்கச் சொல்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கீதம் பாடுவதைத் தடுப்பதும் பாடும் கூட்டத்தில் குழப்பம் செய்வதும் குற்றம் என்கிறது. இந்தப் பிள்ளைகள் தடுக்கவில்லை. குழப்பம் செய்யவில்லை. எழுந்து நின்று மரியாதை செய்தார்கள்.

சுற்றறிக்கை? அது துறைக்குள் அனுப்பிய குறிப்பு. அதற்குச் சட்டத்தின் பலம் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

பிள்ளைகளை மறுபடி பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும், தடையில்லாமல் படிக்க விட வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த வழக்கு என்ன கற்றுத்தருகிறது?

அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை நம்முடையதாக இல்லாமல் இருக்கலாம். நாம் கீதத்தை வாய்விட்டுப் பாடுகிறவர்களாக இருக்கலாம். அது வேறு. இங்கே நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

“விதியை மீறினாய்” என்று ஒருவர் சொன்னார். “எந்த விதி? காட்டுங்கள்” என்று நீதிமன்றம் கேட்டது. காட்ட முடியவில்லை.

விதிக்குக் கட்டுப்படுவது என்றால், விதியில் எழுதியிருப்பதற்குக் கட்டுப்படுவது. “விதி இப்படித்தான்” என்று ஒருவர் வாயால் சொல்வதெல்லாம் விதி ஆகிவிடாது. அலுவலகத்தில் ஒருவர் “ரூல்ஸ் இல்லம்மா” என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்புகிறார். நாமும் திரும்பி வந்துவிடுகிறோம். எந்த விதி என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எழுத்துத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வழி இருக்கிறது. மரியாதையாகவே கேட்கலாம்:

“சார், அந்த விதி எதுல எழுதியிருக்கு? நான் கொஞ்சம் படிச்சுப் பார்க்கலாமா?”

மற்றவரும் நிற்க வேண்டும்

படிவத்தில் நாம் கையெழுத்துப் போடுகிறோம். அதனால் விதி நம்மை மட்டும் கட்டுப்படுத்துகிறது என்று நினைக்கக் கூடாது. அதே விதி அந்தப் பக்கத்தையும் கட்டுப்படுத்துகிறது.

பள்ளியை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பள்ளி நன்கொடை கேட்கக் கூடாது. சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பிள்ளையை அடிக்கக் கூடாது. “பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம்” என்று நாம் எழுதிக் கொடுத்திருந்தாலும், அடிக்க அனுமதி கொடுத்ததாக ஆகாது. பள்ளியின் விதி நாட்டின் சட்டத்தைத் தாண்ட முடியாது.

வங்கியை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் தவறாகப் பணம் பிடித்துவிட்டார்கள் என்றால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

அரசு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. “என் விண்ணப்பத்தை எந்த விதியின்படி நிறுத்தி வைத்தீர்கள்?” என்றுகூட இதில் கேட்கலாம்.

விதி இரு பக்கமும் நிற்கும் தரை. ஒரு பக்கத்தார் மட்டும் நின்றால் அது விதி இல்லை, சுமை.

விதியே தவறாக இருந்தால்?

எல்லா விதியும் நல்ல விதியாக இருக்குமா? இருக்காது. அப்போது என்ன செய்வது?

1917ஆம் ஆண்டு. பீகாரில் சம்பாரண் மாவட்டம். அங்கே குடியானவர்கள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிட வேண்டும் என்று தோட்டத் துரைமார்கள் கட்டாயப்படுத்தினார்கள். குடியானவர்களின் கஷ்டத்தைக் கேட்டறிய காந்தி அங்கே போனார். மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி அரசு உத்தரவிட்டது. காந்தி வெளியேறவில்லை.

அவர் ஒளிந்துகொள்ளவும் இல்லை. ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்துக்கு நேராகப் போனார். உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டார். மனசாட்சி சொன்னபடி நடந்ததாகச் சொன்னார். தண்டனையை ஏற்கத் தயார் என்றார். சில நாட்களில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. 1918இல் அந்தக் கட்டாயப் பயிர் முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

அது அந்நியர் ஆட்சி. சட்டம் செய்வதில் குடியானவருக்கு வாக்கு இல்லை. இன்று நமக்கு வாக்கு இருக்கிறது. மனுக் கொடுக்கலாம். கிராம சபையில் பேசலாம். நீதிமன்றம் போகலாம். அரசியலமைப்புச் சட்டமே 1950க்குப் பிறகு நூறு தடவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது. விதிக்குக் கட்டுப்படுகிறவர் அந்த விதியை மாற்றச் சொல்லிக் கேட்கவும் உரிமை உள்ளவர்.

கையெழுத்தின் கனம்

சிலர் நினைப்பார்கள், “படிக்காமல்தானே போட்டேன், அது செல்லாது” என்று. பொதுவாக அந்தப் பேச்சு எடுபடாது. கையெழுத்துப் போட்டவர் படித்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் என்றால் அதை எதிர்க்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஏமாற்றியதை நாம் நிரூபிக்க வேண்டும். அது எளிது இல்லை.

மக்கள் நீதிமன்றத்தை எண்ணிப் பாருங்கள். லோக் அதாலத் என்றும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிச் சமரசம் செய்துகொள்கிறார்கள். அதை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. வழக்குச் செலவு மிச்சம், காலம் மிச்சம். நல்ல வழிதான். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அதில் நின்றே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து “தொகை குறைச்சல்” என்று வருந்திப் பயன் இல்லை. கேட்க வேண்டியதை அங்கேயே, கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் ஐந்து காரியம்

1. கோட்டுக்கு மேலே உள்ள வரியைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நம்பிக்கையான இன்னொருவரிடமும் கேளுங்கள்.

2. ‘அபைட் பை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், “எந்த விதிகள்? அந்தத் தாள் எங்கே?” என்று கேளுங்கள். படிவம் ஒரு தாள், விதிகள் வேறு தாள். இரண்டும் வேண்டும்.

3. பணம், தேதி, வட்டி, அபராதம் ஆகிய நான்கையும் தேடிப் பாருங்கள். எண்ணைப் படிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை.

4. வெற்றுத் தாளிலும், நிரப்பாமல் இடம் விட்ட படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை மற்றவர் சொல்லில் நிற்காவிட்டால் அதுதான் நமக்குச் சாட்சி.

சந்தேகம் இருந்தால் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு வழக்கறிஞர் இலவசம். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

படிவத்தை வாங்கி, நிதானமாகப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுப் பிறகு கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகலாம். பின்னால் நிற்பவர் முணுமுணுக்கலாம். ஆகட்டும். தெரிந்து கொடுத்த வாக்கில்தான் தெம்பாக நிற்க முடியும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு படிவத்தை எடுத்து வாருங்கள். அதில் ‘அபைட் பை’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

2. கேள், நிறைவேற்று, நில். இந்த மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.

3. “ரூல்ஸ் இல்லை” என்று சொல்லி உங்களை யாராவது திருப்பி அனுப்பியது உண்டா? எந்த விதி என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

4. கோட்டயம் பிள்ளைகளின் வழக்கில் நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள்? ஏன்?

5. உங்கள் குழுவுக்கு விதிகள் உண்டா? அவை எழுத்தில் இருக்கின்றனவா? எல்லோரும் படித்திருக்கிறார்களா? இல்லை என்றால் அடுத்த கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேளுங்கள்.